ஒரு வரிக்கு ஒரு துடுப்பு

பைனாவை இன்றைக்கே கப்பலேற்றப் போகிறார்கள் என்ற சேதி வந்தபோது, மிங்கோ துடுப்புக் கொக்கிகளுக்குப் பன்றிக் கொழுப்பு தடவிக்கொண்டிருந்தான். சேதி கொண்டுவந்தவன் கட்ஜோ, இரண்டாவது துடுப்புக்காரன். நல்லதோ கெட்டதோ, எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு சொல்லக்கூடியவன்.

"மிங்கோண்ணே, பெரிய வீட்டுத் தையல் அறையில மூட்டை கட்டுறாங்க."

"யாரு மூட்டை?"

"உன் பொண்டாட்டி மூட்டை."

கொழுப்புச் சட்டி மிங்கோவின் கையிலிருந்து நழுவி மணலில் கவிழ்ந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"எங்கேயாம்?"

"நியூ ஆர்லியன்ஸ். தொரை மக சின்னம்மாவுக்குச் சீதனமாம். கை சுத்தமான தையக்காரி ஒருத்தி வேணும்னு அங்கேருந்து கடுதாசி போட்டிருக்கா. தொரை உடனே சரின்னுட்டாரு. சோபாவும் கேட்டிருந்தாளாம். சோபா மட்டும் இப்ப இல்லன்னுட்டாரு."

லாங்மியர் துரையின் தீவில் முந்நூறு அடிமைகள் நெல் வயலில் நின்றார்கள். ஆறு பேர் அவருடைய படகை இழுத்தார்கள். அந்த ஆறு பேருக்கும் தலை மிங்கோ. துரைக்கு எதிரே, பின்பக்கத்து முதல் பலகையில் உட்கார்ந்து துடுப்புப் போடுபவன். அவன் கை எப்போது விழுகிறதோ அப்போதுதான் மற்ற ஐந்து கைகளும் விழும். பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். பைனாவும் அவனும் அடிமைகளின் வழக்கப்படி விளக்குமாற்றைத் தாண்டிக் குடும்பமாகி ஐந்து வருஷம் ஆகிறது. பாதிரியும் கிடையாது, காகிதமும் கிடையாது. அதனால் பிரித்து அனுப்புவதற்கும் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

முகத்துவாரத்தில் பாய்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. வருஷத்துக்கு இரண்டே தடவை வருகிற கப்பல். வசந்தத்தில் ஒன்று, அறுவடை முடிந்து ஒன்று. 'உச்சி வெயில் வரைக்கும் நிற்பேன். அப்புறம் கடல் இறங்குகிற வத்தத் தண்ணீரோடு போய்விடுவேன்' என்று கப்பல் தலைவன் துரைக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தான். படகு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பைனா போய்விடுவாள். சேராவிட்டால் ஆறு மாதம்.

மிங்கோ சூரியனைப் பார்த்தான். பனைமர உயரம் ஏறியிருந்தது.

"என்ன பார்வை அது?" பின்னாலிருந்து கேட்டது டைட்டஸ் மாமா. இருபது வருஷமாகச் சுக்கான் பிடிக்கிறவர். தாடியில் பாதி நரைத்துவிட்டது. "படகக் கவுக்கலாம்னு பாக்கிறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே மாமா."

"நீ சொல்லாததுதான்டா பயமா இருக்கு. கேளு. படகு கவுந்தா முதல்ல முங்கிறது உன் பொண்டாட்டி. அவளுக்கு நீச்சல் தெரியாது. துடுப்ப உடைச்சா உன் முதுக உடைப்பாங்க. எதைப் பண்ணினாலும் கடைசியில என்கிட்டதான் வந்து நிப்பாங்க. எனக்குச் சவானாவுல ஒரு பொண்ணு இருக்கா. மாசம் ஒரு தடவ தொரை டவுனுக்குப் போனாத்தான் நான் அவ மூஞ்சியப் பாக்க முடியும். சுக்கான் கையில இருக்கிற வரைக்கும்தான் அதுவும். வெளங்குதா?"

"வெளங்குது."

"என்ன வெளங்குது?"

"துடுப்ப உடைக்கக் கூடாதுன்னு."

டைட்டஸ் அவனை ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு, துப்பிவிட்டு, படகில் ஏறிக்கொண்டார்.

பைனா வந்தாள். தலையில் சிவப்புத் துணி, கையில் ஒரு மூட்டை, இடுப்பில் தையல் பெட்டி. யாரும் அவள் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. ஓடிப்போக நினைத்தால் எங்கே ஓடுவது? சுற்றிலும் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் சதுப்பு. துரை வந்து மெத்தைப் பலகையில் உட்கார்ந்தார். பைனா அவர் காலடியில் உட்கார்ந்தாள். டைட்டஸ் இருவருக்கும் பின்னால் சுக்கானோடு நின்றார். ஆக, மிங்கோவுக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் அவன் மனைவி. பேசத்தான் முடியாது. துரையின் காது அவள் தலைக்கு மேலேயே இருந்தது.

"கிளப்பு," என்றார் துரை. "பாட்டு எங்கே?"

பாடாமல் படகு இழுத்தால் துரைக்குப் பிடிக்காது. வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறவன் எதையோ யோசிக்கிறான் என்பது அந்தக் கரையில் எல்லாத் துரைமாருக்கும் இருந்த சந்தேகம். அதுவும் லாங்மியர் துரை தன் படகுப் பாட்டைப் பற்றி அக்கம்பக்கத்துத் தீவுகளில் பெருமையடித்துக்கொள்கிறவர். ஒவ்வொரு பாட்டின் மெட்டும் அவருக்கு அத்துபடி. விருந்துகளில் காலால் தாளம் போட்டுக் காட்டுவார்.

ஆனால் அவர் பாட்டைக் காதால்தான் கேட்டிருக்கிறார், கையால் கேட்டதில்லை.

கையால் கேட்டவனுக்குத் தெரியும், பாட்டின் வேகம் வேறு, படகின் வேகம் வேறு. கொம்பூதி தூதனின் பாட்டு என்று ஒன்று இருக்கிறது. அழுது வடிகிற மெட்டு. கேட்டால் சாவு வீடு போல இருக்கும். ஆனால் ஒரு வரிக்கு இரண்டு இழுப்பு. படகு பறக்கும். நண்டுக் கல்யாணம் என்று இன்னொன்று. வார்த்தை மேல் வார்த்தை விழுந்து குதித்துக்கொண்டு ஓடும். கேட்பவன் கால் தானாக ஆடும். ஆனால் வரி முடிகிற இடத்தில் ஒரே ஒரு இழுப்பு. படகு தண்ணீரோடு தானே ஓடுகிற நாளில், கைக்கு ஓய்வு வேண்டும் என்று யாரோ கட்டிய பாட்டு.

அன்றைக்கு ஓடையில் தண்ணீர் ஓடவில்லை. கடல் ஏறுகிற ஏத்தம் முடிந்து அசையாமல் நின்றது.

மிங்கோ தொண்டையைச் செருமினான். நண்டுக் கல்யாணத்தை எடுத்தான்.

"நண்டு வீட்டுக் கல்யாணம், நாரை வந்து குந்திருச்சு,
நாலு கூடை மீனு தின்னும் நாக்கத் தொங்கப் போட்டிருச்சு,
தாலி கட்டும் நேரத்துல மாப்பிள்ளையக் காணலியே..."

"ஹோ... எங்கடா மாப்பிள்ளை!" என்று ஐந்து பேர் வாங்கிக்கொண்டார்கள். அந்த 'ஹோ'வில் ஆறு துடுப்பும் ஒன்றாக விழுந்து எழுந்தன. பிறகு அந்தரத்தில் நின்று சொட்டின.

துரையின் பூட்ஸ் கால் ஆடத் தொடங்கியது. "இன்னைக்கு நல்ல சுறுசுறுப்பு," என்றார்.

டைட்டஸுக்கு இரண்டாவது வரியிலேயே புரிந்துவிட்டது. துரையின் தலைக்கு மேலாக அவர் கண் மிங்கோவின் மேல் வந்து நின்றது. வேண்டாம் என்றது. மிங்கோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அடுத்த வரியை எடுத்தான். சிப்பி மேட்டை இந்நேரம் தாண்டியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால், இன்னும் அது படகுக்கு முன்னால், கொஞ்சம் கூடப் பெரிதாகாமல் நின்றது. அதற்கு அப்பால்தான் 'பிரிவு' என்று அவர்கள் சொல்லும் இடம். இரண்டு பக்கத்துக் கடல் தண்ணீரும் ஓடைக்குள் ஏறி வந்து முட்டிக்கொள்கிற இடம். வத்தம் தொடங்கினால் முதலில் வற்றுவது அதுதான். அதைத் தாண்டிவிட்டால் ஆழத் தண்ணீர், அப்புறம் கப்பல்.

பைனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அந்தப் பார்வையில் அழுகை இருந்தது. பாட்டைக் கேட்கக் கேட்க அது வற்றி, வேறொன்று வந்தது. என்னைக் கொண்டுபோய் விட வருகிறாய், கல்யாணப் பாட்டா பாடுகிறாய் என்று கேட்கிற பார்வை. மிங்கோவின் முதுகில் வேர்த்தது. வெயிலால் அல்ல.

அப்போதுதான் அது நடந்தது.

நண்டுக் கல்யாணத்தைப் பெண்கள் உரலடியில் பாடுவார்கள். ஒரு உரல், எதிரெதிரே இரண்டு பெண்கள், மாற்றி மாற்றி விழுகிற இரண்டு உலக்கை. படகில் ஒரு வரிக்கு ஒன்று, உரலில் ஒரு வரிக்கு இரண்டு. பைனா உரலடியில் வளர்ந்தவள். அவள் கோபத்தில் இருந்தாள், கை என்ன செய்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. மடியிலிருந்த தையல் பெட்டியின் மேல் விரல்கள் விழத் தொடங்கின. டக்கு, டிக்கு. டக்கு, டிக்கு.

கட்ஜோவின் துடுப்பு முதலில் மாறியது. பிறகு அவனுக்குப் பின்னாலிருந்த நான்கும். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்த உலக்கைச் சத்தத்தில் வளர்ந்த கைகள். அவை மிங்கோவைக் கேட்கவில்லை. வரிக்கு இரண்டாக விழுந்தன. படகு ஒரு உலுக்கு உலுக்கிப் பாய்ந்தது. சிப்பி மேடு பக்கவாட்டில் ஓடிப் பின்னால் போனது.

"பலே," என்றார் துரை. "அடி பொண்ணே, அடி. இதை ஏன் இத்தனை நாள் எவனும் எனக்குச் சொல்லலே?"

மிங்கோ அவள் விரல்களையே பார்த்தான். அவளைக் கொண்டுபோகிற படகை அவளே விரட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் துரை கேட்பார். கண்ணைக் காட்டினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அவன் தன் துடுப்பை மட்டும் மாற்றவில்லை. ஐந்து பேர் இரண்டு போட, அவன் ஒன்றே போட்டான். பின்னாலிருந்து கட்ஜோவின் துடுப்பு வந்து அவன் துடுப்பில் மோதியது.

"என்னண்ணே, தூங்கிட்டியா?" என்று முணுமுணுத்தான் கட்ஜோ. "கல்யாண வீட்டுல மாப்பிள்ளையே தூங்கினா எப்படி?"

மோதிய சத்தத்தில் பைனா திரும்பினாள். மிங்கோவின் துடுப்பைப் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் தவறாத துடுப்பு. ஐந்து துடுப்பும் தண்ணீருக்குள் இருக்க, அது மட்டும் மேலே நின்று சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வரியிலும் அப்படியே. அதற்கடுத்த வரியிலும். அவள் துடுப்பிலிருந்து அவன் மணிக்கட்டுக்கு வந்தாள், மணிக்கட்டிலிருந்து முகத்துக்கு. தண்ணீரைப் பார்த்தாள். கரையோரப் புல்லில், தண்ணீர் இறங்குவதைக் காட்டும் ஈரக் கோடு தெரியத் தொடங்கியிருந்தது.

அவள் விரல்கள் நின்றன.

"ஏன் நிறுத்தினே?" என்றார் துரை. "அடி."

"கை வலிக்குது தொரை."

"வலிக்கட்டும். அடின்னு சொன்னேன்."

பைனா அடித்தாள். இந்தத் தடவை ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால். எதுவும் அதன் இடத்தில் விழவில்லை. தாளம் தெரிந்தவள் மட்டுமே அப்படித் தப்பாக அடிக்க முடியும். துடுப்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. யாரோ ஒருவனின் துடுப்பு தண்ணீரைத் தொடாமல் காற்றை வாரி, துரையின் சட்டை மேல் சேற்றுத் தண்ணீரை வீசியது.

"போதும்." துரை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் மோசம். பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு வெகு நேரம் மிங்கோவைப் பார்த்தார். "பாட்டு வேண்டாம். பெட்டியும் வேண்டாம். டைட்டஸ், நீ எண்ணு."

டைட்டஸ் எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு. ரெண்டு."

நேர்மையான எண்ணிக்கை. இருபது வருஷம் படகில் நின்ற ஆளின் எண்ணிக்கை. படகு அம்பு போலப் போனது. பாட்டு இருந்தபோது மிங்கோவின் கையில் ஏதோ இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. அவன் இழுத்தான். இழுக்காவிட்டால் முதுகு. தலைக்கு மேல் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. சதுப்புப் புல்லுக்கு மேலே, வெகு தூரத்தில், இரண்டு பாய்மரங்கள் தெரிந்தன. கப்பல் இன்னும் நின்றது.

"நேரம் இருக்கு," என்றார் துரை, தனக்குத்தானே.

பைனாவின் கை மூட்டையின் முடிச்சை இறுகப் பிடித்திருந்தது.

பிரிவு வந்தது. அங்கே ஓடை இரண்டு விரலாகப் பிரியும். இடது கை ஓரமாகப் போனால் இடுப்பளவு தண்ணீர் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். வலது பக்கம் பார்க்க அகலமாக, பளபளவென்று இருக்கும். அடியில் சேறு. இது துரைக்குத் தெரியாது. டைட்டஸுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

"ஒண்ணு. ரெண்டு," என்றார் டைட்டஸ். சுக்கான் கட்டையை இடுப்போடு சேர்த்து அணைத்தார். "ஒண்ணு. ரெண்டு."

படகின் மூக்கு வலது பக்கம் திரும்பியது.

மிங்கோ தலை நிமிர்ந்தான். டைட்டஸ் அவனைப் பார்க்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு எண்ணினார். இன்னும் வேகமாக எண்ணினார். ஆறு பேரும் அந்த வேகத்துக்கு இழுத்தார்கள். அடியில் ஏதோ உரசியது. பிறகு படகு முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டதுபோலச் சேற்றில் ஏறி, சாய்ந்து, நின்றது. துரையின் தொப்பி கழன்று பைனாவின் மடியில் விழுந்தது.

"இறங்கித் தள்ளுங்கடா."

தள்ளினார்கள். அந்தச் சேற்றுக்கு அடி கிடையாது. கட்ஜோ மார்பு வரைக்கும் போய்விட்டான். துடுப்பை நீட்டி அவனை வெளியே இழுப்பதே பெரும்பாடாகிவிட்டது. "என்னை விட்டுடுங்க, உள்ள குளுகுளுன்னு இருக்கு" என்று அவன் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கிக்கொண்டே போனது. நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்தன.

துரை தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டச் சொன்னார். கட்ஜோ அதை உயரப் பிடித்து ஆட்டினான். மிங்கோ கப்பலையே பார்த்தான். கப்பலிலிருந்து சின்னப் படகு இறக்கிவிட்டால்? அந்தப் பக்கத்து ஆழத் தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டால், பைனாவைச் சேற்றில் பலகை போட்டாவது கடத்திவிடுவார்கள். வெகு தூரத்தில் கப்பலின் கொடி மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது.

"பார்த்துட்டான்," என்றார் துரை.

கப்பல் தலைவன் பார்த்துத்தான் இருந்தான். யாரோ பிரியாவிடை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பதில் வணக்கம் வைத்துவிட்டான். பாய்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

துரை உட்கார்ந்தார். வெறும் மேலோடு, தோளெல்லாம் சிவந்துபோய், பார்க்க வேறு ஆள் போல இருந்தார். "டைட்டஸ். எப்படி நடந்தது?"

எல்லாரும் சேற்றையே பார்த்தார்கள். மிங்கோவின் வாய் திறந்தது. டைட்டஸ் முந்திக்கொண்டார்.

"கண்ணு தொரை. ஒரு வருஷமாவே மங்கல்தான். வெயில் பட்டா எது தண்ணி எது சேறுன்னு தெரியல. சொன்னா சுக்கான வாங்கிடுவீங்கன்னு சொல்லல. என் தப்புதான்."

"இவன் பாட்டு?"

"பாட்டு என்ன செய்யும் தொரை? பாட்டு பாட்டுதான். பொண்டாட்டி போற துக்கத்துல கை தடுமாறிட்டான். கழுதை."

துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதை நம்பினார், எதை நம்பவில்லை என்று அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

"நாளையிலேர்ந்து நீ வாய்க்கால் வெட்டப் போ," என்றார் டைட்டஸிடம். "இனிமே படகுப் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது." பிறகு மிங்கோவைப் பார்த்து, "தண்ணி வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"பொழுது சாயிற வரைக்கும் ஆகும் தொரை."

"அதுவரைக்கும் பாடு. அந்த நண்டுப் பாட்டையே பாடு. ரொம்ப ஆசையாத்தானே பாடினே. நிறுத்தினா, வீட்டுக்குப் போனதும் கம்பத்துல கட்டி வச்சு மிச்சத்தைப் பாடச் சொல்வேன்."

மிங்கோ பாடினான். மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். புல்லுக்கு மேலே பாய்மரங்கள் நகரத் தொடங்கின. துரை கப்பலைப் பார்க்கவில்லை. மிங்கோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து மிங்கோவிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான், மனசு எப்படி இருந்தாலும் சந்தோஷமாகப் பாடு. அது அவனுக்குப் பழகிப்போன வேலை. இன்றைக்கு முதல் தடவையாக அதற்கு நேர் எதிரான வேலை. நெஞ்சுக்குள் ஏதோ துள்ளுகிறது. அது குரலுக்குள் வந்துவிடக் கூடாது. மாப்பிள்ளையை நாரை தூக்கிக்கொண்டு போன வரி வரும்போதெல்லாம் அவன் தொண்டையை இறுக்கினான். பாய்மரம் இரண்டு விரல் நகர்ந்தது. நான்கு விரல். ஈச்சங்காட்டுக்குப் பின்னால் போனது. வெளியே வரவில்லை.

பைனா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அதே பயம்.

இருபது தடவை நண்டுக்குக் கல்யாணம் ஆனது. மணல் ஈக்கள் மொய்த்தன. ஒருவனுக்குக் குரல் போய்விட்டது. துரை தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். தூங்குகிறாரா, தெரியாது. கட்ஜோவும் மற்றவர்களும் வாங்கும் முறை வரும்போதெல்லாம், சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி 'ஹோ'வை நீட்டினார்கள். அந்த நீட்டலுக்குள்தான் பேச முடிந்தது.

"மாமா," என்றான் மிங்கோ. "உன் பொண்ண இனி எப்படிப் பாப்பே?"

"நீ பாடு."

அடுத்த 'ஹோ'வில் டைட்டஸே பேசினார். சேற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பதினேழு வருஷம் ஆச்சு. அவளையும் இதே படகுலதான் கொண்டுபோய் விட்டாங்க. அன்னிக்கும் நான்தான் சுக்கான். ஓரமா, நல்ல தண்ணியாப் பாத்து, பத்திரமாக் கொண்டுபோய் விட்டேன். சீக்கிரம் வந்துட்டோம்னு தொரை எனக்குப் புகையிலை கொடுத்தாரு."

மிங்கோ அடுத்த வரியை எடுத்தான்.

வெயில் தாழ்ந்தபோது புல்லின் காலடியில் தண்ணீர் சலசலத்தது. படகின் பலகைகள் முனகின. பைனா மூட்டையை எடுத்து வைக்கிற சாக்கில் முன்னால் சாய்ந்தாள்.

"அறுப்பு முடிஞ்சா அந்தக் கப்பல் திரும்ப வரும்யா."

"தெரியும்."

"அப்ப சுக்கான்ல வேற எவனோ நிப்பான்."

மிங்கோவின் கை தன்போக்கில் துடுப்புக் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தது. பிரிவுக்கு அப்பால் ஆழத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. துரை இல்லாமல் அதைத் தாண்டி ஒரு நாளும் அவன் போனதில்லை. வாய்க்கால் வெட்டுகிற டைட்டஸ் மாமாவுக்கு அந்தத் தண்ணீரின் வழியெல்லாம் மனப்பாடம். அந்தக் கப்பல் திரும்புவதற்குள், அவரிடம் வழி கேட்டுக்கொள்ள வயல் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினான். எண்ணிக்கை பாதியில் தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

"நிறுத்தச் சொன்னேனா?" என்றது தொப்பிக்கு அடியிலிருந்து துரையின் குரல்.

மிங்கோ வாயைத் திறந்தான். பாடிப் பாடிக் குரல் கட்டியிருந்தது; முதல் வரி வரவில்லை. காற்றுதான் வந்தது. பைனா அவன் முகத்தைப் பார்த்தாள். தொப்பி மெல்ல மேலே உயரத் தொடங்கியது.